உறுதிமொழியும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும்

நிறுவனம் சொல்லும் விழுமியங்களுக்கும் ஊழியர் அன்றாடம் படும் பாட்டுக்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கணினித் துறையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில், ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவள். துறை வேறாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

தினமும் கடை திறக்கும் முன் வரிசையில் நின்று உறுதிமொழி வாசிப்போம். "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்பது அதன் முதல் வரி. வாசித்து முடித்ததிலிருந்து இரவு ஒன்பதரை வரை, சாப்பாட்டு நேரம் தவிர, உட்காரக் கூடாது. கீழ்த் தட்டை அடுக்கும் சாக்கில் இரண்டு நிமிடம் குத்துக்காலிட்டு அமர்வோம். அது கேமராவில் தெரிந்துவிட்டால் ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு மேலிருந்து போன் வரும்.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே இதைச் செய்துவிட்டது. எங்கள் பிரிவுக்கும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. ஒரு மாதத்துக்குள் ஒன்றின் மேல் பிரித்துக் காட்டிய சேலைகள் குவிந்தன. மற்றொன்றில், பதினெட்டு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்து, நரம்புச் சுருட்டால் கணுக்கால் கறுத்துப்போயிருந்த அக்கா ஒருவர், ஆளில்லாத ஒரு மதியத்தில் உட்கார்ந்தார். "கஸ்டமர் மேலே வரும்போது நீங்க உட்கார்ந்திருந்தா கடைக்கு என்ன மரியாதை?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து, ஸ்டூலைத் தூணோரம் தள்ளி வைத்தார். அதன் பிறகு எங்களில் யாரும் அதில் உட்காரவில்லை.

முதலாளிகள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. எங்கள் முதலாளி சம்பளத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. என் தங்கையின் திருமணத்துக்கு முன்பணமும் கொடுத்தார். "வியாபாரம் நடத்திப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்" என்று சொல்ல வருபவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசர் மீதும் முழுப் பழியைப் போட மாட்டேன். அவருடைய ஊக்கத்தொகை பிரிவின் விற்பனையைப் பொறுத்தது. இத்தனை பேர் நாள் முழுவதும் நிற்கிறார்களே, அவர்களுடைய கால் எப்படி இருக்கிறது என்று மாதக் கூட்டத்தில் அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப்படாத ஒன்றை அவர் ஏன் பார்த்துக்கொள்ளப் போகிறார்? நீங்கள் கேட்ட தூரம் அங்கேதான் உண்டாகிறது என்பது என் அனுபவம்.

உங்கள் மேலாளரிடம் மாதக் கடைசியில் எந்தெந்தக் கணக்கைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்; அதில் ஊழியர் நலன் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கூட்டத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் இருந்துவிட்டோம். அக்கா அடுத்த தீபாவளிக்கு முன்பே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.