கேளுங்க, சொல்லுறன்: பந்தியில தொடங்கின சண்டை

கேள்வி: யேசுவும் யூதர், சீடர்மாரும் யூதர். அப்ப கிறிஸ்தவம் ஏன் தனிச் சமயமாப் போச்சு? கிரேக்கத் தத்துவம் வந்து கலந்ததாலதான் எண்டு எங்கட சேர் சொன்னார், சரியா? (கல்லாற்று வாசகி)

பதில்: தங்கச்சி, சேர் சொன்னதுல பாதி சரி, ஆனா அது பிந்தி நடந்த பாதி. முதல் சண்டை சாப்பாட்டுலதான் வந்தது. சிரியாப் பக்கத்து அந்தியோக்கியா நகரத்துல யேசுட முதன்மைச் சீடர் பேதுரு யூதர் இல்லாத ஆக்களோட ஒண்டா இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர், எருசலேம்ல சபைத் தலைவரா இருந்த யாக்கோபுட ஆக்கள் வந்த உடன மெல்ல விலகிட்டார், அதப் பார்த்த பவுல், யூதர் இல்லாத ஆக்களுக்குப் பிரசங்கம் செஞ்ச அப்போஸ்தலர், எல்லாருக்கும் முன்னால வச்சு மூஞ்சிக்கு நேர கேட்டுட்டார். இது கலாத்தியருக்கு எழுதின கடிதத்துல ரெண்டாம் அதிகாரத்துல பவுலே சொன்ன விசயம். ஆரோட இருந்து சாப்பிடலாம் ஆரோட கூடாது எண்டுறது எவ்வளவு பெரிய பிரச்சினை எண்டு, நம்மட பக்கம் கலியாண வீடு செத்த வீடு பார்த்து வளர்ந்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவல்ல.

அந்தக் காலத்து ரோமப் பேரரசு நகரங்கள்ல யூதர்ட தொழுகைக்கூடத்துக்கு வெளி ஆக்களும் போவாங்க. ஒரே கடவுள், ஓய்வு நாள், ஏழைக்கு உதவுறது எல்லாம் அவங்களுக்குப் பிடிக்கும், ஆனா விருத்தசேதனம் (சுன்னத்து) எண்ட உடன பின்வாங்கிடுவாங்க. பவுல் அது தேவல்ல, நம்பிக்கை காணும் எண்டார். அவ்வளவுதான், கைவேலைக்காரர், வியாபாரப் பொம்பிளைகள், அடிமைகள் எண்டு ஆக்கள் வரத் தொடங்கிட்டாங்க. கி.பி. 112 அளவுல பிளினி எண்டுற ரோம ஆளுநர், சபையில ஊழியம் செஞ்ச ரெண்டு அடிமைப் பொம்பிளைகளச் சித்திரவதை செஞ்சு விசாரிச்சதா பேரரசர் திராயானுக்கே எழுதியிருக்கார், அந்தப் பொம்பிளைகள்ட பேரைக் கூட எழுதல்ல அந்த மனிசன்.

மறுகா கி.பி. 70ல ரோமர் எருசலேம் ஆலயத்த எரிச்சதுதான் பெரிய திருப்பம். அதுவரைக்கும் யூதருக்குள்ளயே சதுசேயர், பரிசேயர், எசேனியர், யேசுட ஆக்கள் எண்டு பல கூட்டம் இருந்தது. ஆலயம் போன உடன பலியும் போச்சு, அத நம்பியிருந்த சதுசேயரும் இல்லாமப் போயிட்டாங்க. பரிசேயர் வழியில வந்த ரபிமார், அதாவது யூத வேத ஆசிரியர்மார், யாவ்னே எண்டுற ஊர்ல கூடி, பலிக்குப் பதிலா ஜெபம், வேதப் படிப்பு, தருமம் எண்டு சமயத்தத் திருப்பிக் கட்டினாங்க. மற்றக் கூட்டம் யேசுட மரணமே கடைசிப் பலி எண்டு நிண்டுட்டு. அதால இப்ப நாம பாக்கிற யூத சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் தாயும் மகளும் எண்டு சொல்றத விட அக்காளும் தங்கச்சியும் எண்டு சொல்றதுதான் பொருத்தம் எண்டது என்ட எண்ணம். பிரிஞ்சதும் ஒரு நாளில இல்ல, அதே அந்தியோக்கியாவுல 386ல கூட கிறிஸ்தவங்க யூதத் திருநாளுக்குப் போறாங்க எண்டு கிறிசோஸ்தோம் எண்டுற பாதிரியார் பிரசங்கத்துல ஏசிக்கொண்டு இருந்திருக்கார்!

கிரேக்கத் தத்துவம் எண்டா, அது கிறிஸ்தவத்துக்கு முன்னமே யூத வீட்டுக்குள்ள வந்திட்டு. யேசு காலத்துலயே அலெக்சாந்திரியாவுல பைலோ எண்டுற யூதர் மோசேயையும் பிளேட்டோவையும் ஒண்டா வச்சுத்தான் எழுதினவர். கிறிஸ்தவ சபை அந்தத் தத்துவப் பாசையில தீர்மானம் போட்டது 325ல, ஆயர்மார் கூடின நைசியா சங்கத்துல.

கேள்வி: யூதர் ஆரம்பத்துல இருந்தே ஒரே இறைவனத்தான் வணங்கினாங்களா? ஆராய்ச்சியாளர் வேற மாதிரிச் சொல்றாங்களாமே? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: தம்பி, நம்பிக்கையாக் கேட்டா இப்ராஹிம் நபியில இருந்தே எண்டு மூண்டு சமயமும் சொல்லும், அதுல நான் கை வைக்கல்ல. மண்ணத் தோண்டுற ஆக்கள்ட கணக்கு வேற. சீனாய்ப் பக்கம் கிடைச்ச கி.மு. 800 அளவு எழுத்துல யூதர்ட கடவுளான யாவேயோட அசேரா எண்டுற பெண் தெய்வத்துட பேரும் கிடக்கு எண்டுதான் கனபேர் வாசிக்காங்க. கி.மு. 622 அளவுல யோசியா ராசா ஆலயத்துக்குள்ள இருந்த அசேராச் சிலையத் தூக்கி எரிச்சார் எண்டு வேதாகமமே சொல்லுது, இல்லாதத ஆரும் எரிக்க ஏலாதுதானே.

ஆனா கி.மு. 586ல பாபிலோன்காரன் வந்து முதல் ஆலயத்த இடிச்சு ஆக்களப் பிடிச்சிட்டுப் போனதுக்குப் பிறகுதான் விசயம் முத்துது. அந்தக் காலத்துல ஒரு சனம் தோத்தா அதுட சாமியும் தோத்த மாதிரி. இவங்க அத மாத்தி யோசிச்சாங்க: எங்கட கடவுள் தோக்கல்ல, எங்கட பிழைக்கு எங்களத் தண்டிக்க பாபிலோன அனுப்பினதே அவர்தான். அப்படியெண்டா பாபிலோனுக்கும் அவர்தான் கடவுள், வேற ஆரும் இல்ல. ஏசாயா புத்தகத்துட 40ம் அதிகாரத்துக்குப் பிறகு வாசிச்சுப் பாருங்க, பாரசீக ராசா கோரேசையே கடவுள் அபிஷேகம் பண்ணினவர் எண்டு கிடக்கு, அவர் யூதரே இல்ல.

கேள்வி: யேசுவக் கொலை செஞ்சது யூதர்தானே? (வாழைச்சேனை வாசகர்)

பதில்: சிலுவை ரோமர்ட தண்டனை, தீர்ப்பக் குடுத்தது ரோம ஆளுநர் பிலாத்து. எருசலேம்ல சில தலைவர்மாருக்குப் பங்கு இருந்ததா நற்செய்திகள் சொல்லுது, அதுக்காக முழுச் சனத்துலயும் பழி போட ஏலாது எண்டு கத்தோலிக்க சபையே ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல 1965ல எழுதி வச்சிட்டு.