வார்டில் இருக்கும் பிள்ளைக்கு நாம் என்ன செய்யலாம்? மிஸ்ஸியிடம் கேளுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் புற்றுநோய் போன்ற நோய்களின் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் சிலர் இருக்கிறார்கள். சிறார் வார்டில் 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர் வேறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மிஸ்ஸி, எங்கள் வகுப்புத் தோழனுக்கு இரத்தப் புற்றுநோய். எல்லாரும் வாழ்த்து அட்டை செய்யும்படி டீச்சர் சொன்னார். என்ன எழுதுவது? (ஐந்தாம் ஆண்டு மாணவி)

"விரைவில் நலம் பெறுக" என்று முப்பது பேரும் எழுதினால் அவன் முதல் அட்டையை மட்டும்தான் படிப்பான், கண்ணு. ஒரு முறை என் வார்டிலிருந்த பையன், தலையணைக்கு அடியில் ஒரே ஓர் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டான். அதில், "உன் நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன், அதன் கால் இன்னும் ஆடுகிறது, நீ கீழே என்ன அட்டையை மடித்து வைத்தாய்?" என்று கேட்டு எழுதியிருந்தது. அதற்குப் பதில் எழுதுவதற்காகவே அவன் பென்சில் கேட்டான். வகுப்பில் நடந்ததை எழுது, அவன் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியையும் கேள். சிறுவர்களுக்கு அதிகமாக வரும் வகை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும். எல்லா அட்டைகளையும் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு, எட்டு மாதம் கழித்து அவனை மறந்துவிடாதீர்கள். மாதத்துக்கு நால்வர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

பேரனைப் பார்க்கப் போகிறேன். கோவில் பூவும் திருநீறும், கொஞ்சம் பழமும் கொண்டு போகலாமா? (பாட்டி ஒருவர்)

வார்டில் கேட்காமல் எதையும் கொண்டு போகாதீர்கள், அம்மா. புற்றுநோய் மருந்து ஏற்றிய சில நாள்களில் பிள்ளையின் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவனுக்குக் கடும் காய்ச்சலைக் கொடுத்துவிடும். அதனால்தான் புதுப் பூவையும், பூச்சாடித் தண்ணீரையும், தோலோடு உண்ணும் பழங்களையும் பல வார்டுகளில் அனுமதிப்பதில்லை. திருநீற்றைப் பொட்டலமாக மகளிடம் கொடுத்துவிடுங்கள். நெற்றியில் இடலாமா என்பதைத் தாதி சொல்லட்டும். பொம்மை வாங்கினால் துவைக்கக்கூடியதாகவோ துடைக்கக்கூடியதாகவோ பார்த்து வாங்குங்கள். உங்களுக்குச் சளி இருந்தால் அன்று போகவே வேண்டாம். வீட்டிலிருந்து தொலைபேசியில் ஒரு கதை சொல்லுங்கள், பேரனுக்கு அதுவே போதும்.

மகன் வார்டில் இருக்கிறான். ஏழு வயது மகள் அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று தினமும் அழுகிறாள். அவள் வகுப்பில் சின்னம்மை வேறு வந்திருக்கிறது. (தாய் ஒருவர்)

சின்னம்மையைப் பற்றி இன்றே வார்டுக்குச் சொல்லுங்கள். தொற்றிய நாளிலிருந்து 10 முதல் 21 நாள்கள் வரை அது வெளிப்படாமல் இருக்கும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்குப் பரவத் தொடங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பல அரசு மருத்துவமனைகளில் 12 வயதுக்குட்பட்டவர்களை வார்டுக்குள் விடுவதில்லை என்பதால், எப்படியும் அவள் இப்போது உள்ளே வர முடியாது.

ஆனால் அவள் அழுகையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தான் அண்ணனோடு சண்டை போட்டதால்தான் அவனுக்கு நோய் வந்தது என்று நினைக்கும் தம்பி தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காவிட்டால் அவர்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். "உன்னால் வரவில்லை, ஒட்டிக்கொள்ளும் நோயும் இல்லை" என்று நேராகச் சொல்லுங்கள். இரவில் புலனம் (வாட்ஸ்அப்) வழியாக முகம் பார்த்துப் பேசட்டும். கோழிக்குத் தீனி வைத்ததையும் மின்விசிறி கெட்டுப்போனதையும் அவளே அண்ணனுக்குச் சொல்லட்டும். உறவினர்களுக்கு ஒரு சொல்: வார்டில் கூடி நிற்பதைவிட, இந்தப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சோறு போட்டு, வீட்டுப்பாடம் பார்ப்பதே பெரிய உதவி.

எங்கள் இளைஞர் மன்றம் பணம் திரட்டி, படம் எடுத்து முகநூலில் போட நினைக்கிறது. (மன்றச் செயலாளர்)

மொட்டைத் தலையும் குழாயுமாக அந்தப் பிள்ளையின் படத்தைப் போடாதீர்கள், தம்பி. அவன் பதினைந்து வயதில் அதைத் தேடிப் பார்ப்பான். பணம் சேர்ந்தால் பேருந்துக் கட்டணம், பெட்ரோல், தாயின் சாப்பாடு என்று கேட்டுக் கொடுங்கள். பெரிய செலவுக்கு மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரைக் குடும்பத்தார் பார்க்க வேண்டும். உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் வழி அவருக்குத் தெரியும்.

உங்கள் மன்றத்தில் 18 வயது நிறைந்து 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்கள் இரத்தம் கொடுக்கலாம்; 17 வயதென்றால் பெற்றோர் கடிதம் வேண்டும். தலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறை நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஐந்து நாள் அளவுக்குத்தான் சேமித்து வைக்க முடியும். எல்லாரும் ஊருக்குப் போய்விடும் பெருநாள் விடுமுறையில் முகாம் நடத்துங்கள், இரத்தக் கையிருப்பு குறைந்துபோவது அந்த நாள்களில்தான்.

பாடம் விட்டுப்போகிறதே? (ஆசிரியர்)

கல்வி அமைச்சின் மருத்துவமனைப் பள்ளித் திட்டம் 2011இல் தொடங்கி, சில பெரிய மருத்துவமனைகளில் நடக்கிறது. அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வாரம் இரண்டு பயிற்றுத்தாள் போதும், திருத்தி அனுப்ப மறக்காதீர்கள்.

நண்பன் முடி கொட்டித் திரும்பி வருகிறான். வகுப்பில் எல்லாரும் மொட்டையடித்துக்கொள்ளலாமா? (நான்காம் ஆண்டு மாணவன்)

முதலில் அவனையே கேள், ஐயா. சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தன்னையே எல்லாரும் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு பையன் தைப்பூசம் முடிந்த வாரத்தில் பள்ளிக்குத் திரும்பினான். வகுப்பில் அன்று காணிக்கை செலுத்திய மொட்டைத் தலைகள் ஐந்தாறு இருந்தன. புதிதாக வந்த ஆசிரியர் அவனிடமும், "நீ எந்தக் கோவிலுக்குப் போனாய்?" என்று கேட்டாராம். அதை அவன் அடுத்த சிகிச்சைக்கு வந்தபோது என்னிடம் மூன்று முறை சொல்லிச் சிரித்தான்.