.22 பிஸ்டலில் காலித் தோட்டா அவ்வப்போது ஸ்லைடில் சிக்குவது ஏன்?

முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதி) பின்னுக்கு இழுத்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் அவசரமே கூடாது.

அடுத்து மேகசின்களுக்கு எண் எழுதுங்கள். ஒரே மேகசினில் மட்டும் கோளாறு வந்தால் துப்பாக்கியில் குறையில்லை. அந்த மேகசினின் வாய் விளிம்பு வளைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

எல்லாவற்றிலும் வந்தால், தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஸ்லைடைத் தள்ளுவது தோட்டாவின் விசைதான். வேகம் குறைந்த ரகத்தில் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது. காலித் தோட்டா வெளியேறாமல் நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். மணிக்கட்டு தளர்ந்தாலும் இதேதான்.

பிறகு எக்ஸ்ட்ராக்டர், அதாவது காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கி. .22 ஈயக் குண்டின் மெழுகும் கரியும் அந்தக் கொக்கிக்கு அடியில் கட்டியாக இறுகும். நைலான் பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள். எண்ணெய் ஸ்லைடு தண்டவாளத்துக்கு ஒரு சொட்டு போதும், சேம்பருக்கு வேண்டாம். கொக்கியின் முனை மழுங்கியிருந்தால், அதை அரம் போட்டுத் தீட்டாமல் ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து மாற்றுங்கள்.