டவர் தொழில்நுட்பம்: வாசகர் கேள்வி – பதில்

நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்தவர், ஒயிட்ஃபீல்ட், பெங்களூரு: செல்லை (டவர் ஒரு திசையில் அலைபரப்பிச் சேவை தரும் பகுதி) அன்லாக் செய்த பிறகும் 'டிஸேபிள்ட்' என்றே காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்புங்கள். லாக்ட், அன்லாக்ட், ஷட்டிங் டவுன் ஆகியவை நீங்கள் போடும் உத்தரவு. எனேபிள்ட், டிஸேபிள்ட் கருவி தரும் பதில். உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, செல்லால்தான் ஓட முடியவில்லை. பத்து முறை லாக், அன்லாக் செய்தாலும் இது மாறாது.

ரேடியோ யூனிட்டுக்கு மின்சாரம் போகிறதா, பேஸ்பேண்டுக்கும் (சிக்னலைக் கையாளும் கருவி) அதற்கும் நடுவே உள்ள ஃபைபரில் ஒளி வந்து சேர்கிறதா, கோருக்கு (நெட்வொர்க்கின் மையப் பகுதி) போகும் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். டி.டி.டி. செல் (அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பது) என்றால் ஜி.பி.எஸ்.ஸையும் விடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து செல்கள் நேரத்தில் 3 மைக்ரோ நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னல் போய், ஹோல்டோவர் நேரமும் (சிக்னல் இல்லாமல் சொந்தக் கடிகாரத்தில் சமாளிக்கும் நேரம்) தீர்ந்தால் செல் தானே அலைபரப்பை நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: திட்டமிட்ட வேலைக்கு முன் லாக் போட்டால் பேசிக்கொண்டிருப்பவர்களின் அழைப்பு அறுந்துவிடும். ஷட்டிங் டவுன் போட்டால் புதியவர்களை மட்டும் சேர்க்காது.

அதே மையத்திலிருந்து இன்னொருவர்: ஒரே சைட்டில் ஒரே நேரத்தில் முப்பது அலாரம். எதிலிருந்து தொடங்குவது?

தீவிரத்தைப் பார்க்காமல் நேரத்தைப் பாருங்கள். முதலில் வந்த 'மெயின்ஸ் ஃபெயில்' (மின்தடை) வெறும் மைனராக இருக்கலாம். மூலம் பெரும்பாலும் அதுதான். பேட்டரி இறங்கி (பேட்டரிக்குள் 24 செல், செல்லுக்கு 1.8 வோல்ட் என்றால் 43.2 வோல்ட்) எல்.வி.டி. (மின்னழுத்தம் குறைந்தால் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) துண்டித்ததும் மற்றவை கொட்டும். 'அக்னாலெட்ஜ்' அழுத்துவது பார்த்தாயிற்று என்பதற்கான கையொப்பம் மட்டுமே. கோளாறு தீர்ந்தால்தான் அலாரம் கிளியர் ஆகும்.

ஃபீல்ட் டெக்னீஷியன், பீன்யா: கோடை மழை பெய்தால் வி.எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) அலாரம் வருகிறது, வெயில் அடித்தால் போய்விடுகிறது. வரம்பைக் கூட்டி வைத்துவிடலாமா?

கூடாது. தண்ணீர் உள்ளே போகிறது. வி.எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் ஆன்டெனாவுக்கு அனுப்பிய சக்தியில் 4 சதவீதம் திரும்புகிறது. ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியதைவிடத் திரும்புவது எவ்வளவு குறைவு என்பது) 14 டி.பி. (டெசிபல்). அதுவே 2 ஆனால் 11 சதவீதம், 9.5 டி.பி.

செல்லை லாக் செய்து, ஆர்.எஃப். (ரேடியோ அலை) நின்றதை உறுதி செய்த பிறகே கனெக்டரைக் கழற்றுங்கள். கேபிள் அனலைசரில் 'டிஸ்டன்ஸ் டு ஃபால்ட்' போட்டால் எத்தனையாவது மீட்டரில் கோளாறு என்று தெரியும். ஜம்பருக்குள் (ஆன்டெனாவை இணைக்கும் சிறு கேபிள்) ஈரம் இருந்தால் துடைத்து மாட்டாதீர்கள். வெளிக் கடத்திக்கு அடியில் ஊறிய நீர் வெளியே வராது, அரித்துக்கொண்டே இருக்கும். ஜம்பரை மாற்றுங்கள்.

முறுக்குவதற்கு டார்க் ரென்ச் வேண்டும். 7/16 டின் கனெக்டருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 4.3-10 திருகு வகைக்கு வெறும் 5. முன்னதற்குப் பழகிய கை பின்னதைக் கெடுத்துவிடும். பிறகு வினைல் டேப், மேலே ரப்பர் டேப், மறுபடி வினைல். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே, பாதிக்குப் பாதி ஏறி, ஓடு வேய்ந்தது போல வர வேண்டும். மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கனெக்டருக்குக் கீழே கேபிளில் ஒரு தொங்கல் வளைவும் விடுங்கள்.

நீண்ட ஃபீடர் (கீழிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) உள்ள பழைய சைட்டில் நல்ல அளவீடு வந்தாலும் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். ஃபீடரில் ஒரு வழிக்கு 3 டி.பி. இழப்பு இருந்தால், போக வர 6. மேலே 1.9 என்று மோசமாக இருக்கும் ஆன்டெனா கீழே 1.4 ஆகத் தெரியும். சந்தேகம் வந்தால் ஆன்டெனா முனையிலேயே அளந்துவிடுவது மேல்.

மாணவர், அல்சூர்: 46 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபல் அளவு) என்றால் எத்தனை வாட்?

40. மூன்று குறைத்து 43 ஆக்கினால் 20. செட்டிங்கில் மூன்றைக் குறைப்பது பாதிச் சக்தியைக் குறைப்பது.