கிணற்றை அளந்துவிட்டு விதையை எடுங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பற்றாக்குறை பற்றியவை. என்ன பயிர் போடலாம் என்று கேட்டவர்கள் பலர். கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எழுதியவர் ஒருவர்தான். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று ஏக்கர் இருக்கிறது. மோட்டார் நாளுக்கு 4 மணி நேரம் ஓடும். 200 லிட்டர் பீப்பாய் 100 வினாடியில் நிறைகிறது. மூன்று ஏக்கரிலும் காய்கறி வைக்கலாமா ஐயா?

அளந்து எழுதியிருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 2 லிட்டர் என்றால் 4 மணி நேரத்தில் 28,800 லிட்டர். ஒரு ஏக்கர் முழுக்க 1 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கச் சுமார் 4,000 லிட்டர் வேண்டும். ஆக, உங்கள் கிணறு ஒரே ஒரு ஏக்கருக்கு நாளுக்கு 7 மில்லிமீட்டர் கொடுக்கிறது. வறண்ட வெயிலில் நன்றாக வளர்ந்த பயிர் நாளுக்கு 6, 7 மில்லிமீட்டர் குடித்துவிடும். காற்று வீசினால் இன்னும் கூடும். சொட்டுநீர் இருந்தால் ஒரு ஏக்கர் தேறும். மண் வாய்க்காலில் விட்டால் பெரும்பங்கு வழியிலும் வேருக்குக் கீழேயும் போய்விடும், அரை ஏக்கருக்கே திண்டாட்டம்தான்.

அதனால் ஒரு ஏக்கரில் மட்டும் காய்கறி வையுங்கள். மீதி இரண்டில் மழையை நம்பி வரும் கம்பு, சோளம், எள் போன்றவை போதும். இன்னொன்று: பீப்பாயை எப்போது நிறைத்துப் பார்த்தீர்கள்? மழை முடிந்த கையோடு அளந்திருந்தால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம், கடும் கோடையில் மறுபடி அளந்து பாருங்கள். நான் விவசாயத்துக்கு வந்த புதிதில் மழைக்காலத்து ஊற்றை வைத்துப் பரப்பைக் கூட்டினேன். பயிர் பூவெடுத்த நேரத்தில் கிணறு கைவிட்டது. பாதி வயல் கருகியதைப் பார்த்த வேதனை இன்னும் மறக்கவில்லை.

மக்காச்சோளத்துக்கு விலை இருக்கிறது, சோளத்துக்கு இல்லை. எதைப் போடுவது?

பூக்கும் சமயத்தில் தண்ணீர் உறுதியாக இருந்தால் மக்காச்சோளம் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஆண் பூ மகரந்தம் உதிர்க்கும்போது கதிரின் பட்டு இழை வெளியே வந்திருக்க வேண்டும். வறட்சியில் இழை தாமதமாகும், மகரந்தம் அதற்குள் தீர்ந்துபோகும், கதிரில் மணி பிடிக்காது. அந்த இரண்டு வாரம் தவறிவிட்டால் அப்புறம் எவ்வளவு பாய்ச்சியும் பயனில்லை. சோளம் அப்படியல்ல. இலையைச் சுருட்டிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும், மழை வந்ததும் மீண்டும் கிளம்பும். நல்ல விலை மட்டும் கதிரில் மணியைக் கொண்டுவந்துவிடாது.

கரும்பு?

வேண்டாம். அதற்கு ஒரு பருவத்துக்கு 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் வரை தேவை. சோளத்துக்கு 450 முதல் 650 போதும்.

நிலக்கடலைக்கு இரண்டு தண்ணீர்தான் மிச்சம். எப்போது கொடுக்கட்டும்?

விழுது இறங்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்று. பூ கருவுற்றபின் அதிலிருந்து கீழ்நோக்கி நீளும் காம்புதான் விழுது; அது மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய். மேல்மண் காய்ந்து இறுகியிருந்தால் அது இறங்க முடியாமல் வெளியிலேயே நின்றுவிடும். அதோடு, காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் பெரும்பாலும் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுத்துக்கொள்கிறது, அதற்கும் மண்ணில் ஈரம் வேண்டும். ஈரமில்லாவிட்டால் பொக்குக் காய்தான் மிஞ்சும். இளம்பயிர் மதிய வெயிலில் லேசாக வாடினால் பதறிப்போய் மோட்டாரைப் போடாதீர்கள். இலை பழைய நிலைக்கு வந்துவிடும், பொக்காகிப்போன காயில் பருப்பு வராது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. சொட்டுநீர் போட்டால் சரியாகுமா?

உப்பு எங்கும் போகாது, இடம்தான் மாறும். சொட்டுநீர் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். வேர்ப்பகுதி ஓரளவு தப்பிக்கும். கவனிக்க வேண்டிய நேரம் முதல் சிறுதூறல். அது விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்துவிடும். மழை பெய்கிறதே என்று நிறுத்தாமல் அப்போதும் சொட்டுநீரை ஓடவிடுங்கள், உப்பு வெளியே தள்ளப்படும். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுப் பயிரை முடிவு செய்யுங்கள். பருத்தி, பார்லி நன்றாகத் தாங்கும். சோளமும் ஓரளவு தாங்கும். பீன்ஸ், வெங்காயம், கேரட் தாங்காது.

சொட்டுநீர் போட்டேன், தண்ணீர் மிச்சமானது. அதை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்தேன். இப்போது போர் வற்றுகிறது, இன்னும் ஆழமாகப் போடலாமா?

உங்கள் தவிப்பு புரிகிறது, பல வறண்ட நாடுகளில் இதேதான் நடந்திருக்கிறது. வாய்க்கால் பாசனத்தில் வீணானதாக நாம் நினைத்த தண்ணீரில் ஒரு பகுதி மண்ணில் இறங்கி ஊற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது பயிர் அதையும் குடித்துவிடுகிறது, பரப்பும் கூடிவிட்டது. ஆழமாகப் போட்டாலும் பெரும்பாலும் அதே நிலத்தடி நீரைத்தான் எடுப்பீர்கள். பக்கத்துக்காரரும் ஆழப்படுத்துவார். முதலில், புதிதாகச் சேர்த்த இரண்டு ஏக்கரையும் பாசனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் மழையோடு சோளத்தையும் துவரையையும் கலந்து விதையுங்கள். சோளம் அறுவடையான பிறகும் துவரை ஆழவேர் விட்டு, மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே காய்க்கும். மீதி நிலத்தில் பயிர்த்தட்டைகளை 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். கோடையில் போர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்துவைத்து, அடுத்த ஆண்டு எழுதுங்கள்.