நவஹோ நாட்டுக்கு ஐந்து நாள் டூர்: எதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா (69), அம்மா (64) வந்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசியில் ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. லாஸ் வேகஸில் கிளம்பி ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன், ஆன்டெலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி எல்லாம் காட்டி, ஒரு நாள் ராத்திரி ‘நவஹோ கலாசார மாலை’யும் உண்டு என்கிற பஸ் டூர் விளம்பரம் பார்த்தேன். அம்மாவுக்கு மூட்டு வலி. இருவரும் சைவம். இதில் சேரலாமா, நானே கார் எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா?

பதில்: டூரிலேயே போங்கள். ஆனால் இந்த டூரில் வேண்டாம்.

கார் ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நவஹோ நாடு என்பது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் தாங்களே ஆளும் நிலம்; அரிசோனா, யூட்டா, நியூ மெக்சிகோ மூன்றிலும் பரந்து கிடக்கிறது. எழுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் பாதித் தமிழ்நாடு. ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். பல இடங்களில் சாலையோரம் வேலி கிடையாது. இருட்டினால் குதிரையும் மாடும் ஆடும் தார்ச்சாலைக்கு வந்து நிற்கும். ஐந்து நாளும் நீங்களே ஓட்டினால் உங்கள் கண் முழுக்க ரோட்டில்தான் இருக்கும். பாறையைப் பார்த்தது அப்பாவும் அம்மாவும் மட்டும் என்றாகிவிடும்.

சரி, விளம்பரத்தில் பார்த்த பஸ் டூரில் என்ன கோளாறு? ஐந்து நாளில் ஐந்து பெரிய இடம். பகலில் பாதி சீட்டிலேயே கழியும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பஸ்ஸில் மைக் பிடித்துப் பேசுகிற கைடு, நீங்கள் பார்க்கப்போகிற முக்கியமான இடங்களுக்குள் உங்களை அழைத்துக்கொண்டு போக முடியாது. ஆன்டெலோப் கேன்யன் என்ற ஒடுங்கிய பாறைப் பிளவு ஒரு நவஹோ பழங்குடிப் பூங்கா; அனுமதி பெற்ற டூர்காரர்களோடு மட்டுமே உள்ளே போகலாம். உங்கள் விளம்பரத்தில் இல்லாத இன்னொரு இடம், அரிசோனாவில் சின்லி ஊரை ஒட்டிய கேன்யன் டி ஷே; அந்தப் பள்ளத்தாக்கின் அடித்தரையில் கால் வைக்கவும் நவஹோ கைடு கட்டாயம். ஆக, பஸ் கம்பெனி உங்களை வாசல் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே யாரோடு, எத்தனை மணி நேரம் என்பதுதான் நீங்கள் கொடுக்கிற காசுக்கு உண்மையான சரக்கு.

அதனால் எந்தக் கம்பெனியிடம் பேசினாலும் முதலில் இதைக் கேளுங்கள்: ஐந்து நாளில் நவஹோ கைடோடு இருக்கப்போவது மொத்தம் எத்தனை மணி நேரம்? பதில் இரண்டு, மூன்று மணி என்று வந்தால் போனை வைத்துவிடலாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் மேற்கொண்டு பேசுங்கள். அடுத்த கேள்வி, ஒவ்வொரு நாளும் வண்டியில் எத்தனை மணி நேரம். மூன்றாவது கேள்வி, கேன்யன் டி ஷே இருக்கிறதா. பெரும்பாலான லாஸ் வேகஸ் டூர்களில் அது இருக்காது, தூரம் அதிகம் என்பதால். எனக்குக் கேட்டால், ஆன்டெலோப், மான்யுமென்ட் வேலி இரண்டில் ஒன்றை விட்டாலும் இதை விடக் கூடாது.

டி ஷே என்பது ‘பாறைக்குள்’ என்று பொருள்படும் ‘செயி’ என்ற நவஹோ சொல் ஸ்பானியர், ஆங்கிலேயர் வாய்களில் புரண்டு வந்த வடிவம். 1931-இல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், ஆனால் நிலம் இன்றும் நவஹோ மக்களுடையது. அடித்தரையில் இன்றும் குடும்பங்கள் சோளம் போடுகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மேலே விளிம்புச் சாலையில் காரில் போய் எட்டிப் பார்க்க யார் துணையும் வேண்டாம். கீழே இறங்கத்தான் கைடு.

கீழே ஜீப் போவது ஆற்றுமணலில். முதல் வளைவு தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர் எழும்பி வானம் ஒரு பட்டையாகிவிடும். நான் போனபோது எங்கள் கைடு, அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, வண்டியை நிறுத்திவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். வெயிலை அதில் வாங்கி எதிர்ச் சுவரில் அடித்தார். அந்த ஒளிப்பொட்டு மெல்ல ஊர்ந்து போய் நின்ற இடத்தில் குதிரைகள் தெரிந்தன. பக்கத்தில் சிலுவை போட்ட அங்கி அணிந்த ஒரு ஆள். ஸ்பானியப் படை வந்ததை நவஹோக்கள் வரைந்து வைத்த படம். 1805-இல் அந்தப் படை, மேலே ஒரு குகையில் ஒளிந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றது. 1864 ஜனவரியில் அமெரிக்க ராணுவத் தளபதி கிட் கார்சனின் ஆட்கள் இதே பள்ளத்தாக்கு வழியாகப் புகுந்தார்கள். அந்த வருடமே இங்கிருந்த ஆயிரக்கணக்கான பீச் மரங்களையும் ராணுவம் வெட்டிப்போட்டது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து நியூ மெக்சிகோவின் கிழக்கே, போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்தில் அடைத்தார்கள். 1868-இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சொந்த மண்ணுக்கே திரும்பி வந்தார்கள். கைடு இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார். தம் கொள்ளுப்பாட்டி காலத்துச் சங்கதி என்கிற தொனியில்தான் சொன்னார். ‘கலாசார மாலை’ மேடையில் இது கிடைக்காது.

மேடை நிகழ்ச்சியே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல வளைய நடனம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்களுடைய உண்மையான சடங்குகள் நோயாளிக்காகவும் குடும்பத்துக்காகவும் செய்யப்படுபவை. டிக்கெட் போட்டுக் காட்டுபவை அல்ல. ‘அசல் நவஹோ சடங்கு’ என்று விளம்பரம் செய்யும் கம்பெனியை நான் நம்புவதில்லை. குள்ளநரிக் கதைகளை நவஹோக்கள் பனிக்காலத்தில் மட்டுமே சொல்வார்கள். அக்டோபரில் நீங்கள் கேட்டு, கைடு சிரித்து மழுப்பினால் வருத்தப்படாதீர்கள், காலம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அம்மாவின் மூட்டுக்கு வருகிறேன். ஆன்டெலோப் கேன்யனில் மேல், கீழ் என்று இரண்டு பகுதி. கீழ்ப்பகுதியில் செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கி ஏறவேண்டும், வேண்டாம். மேல்பகுதி உள்ளே சமதரை, மணல். அங்கும் வெளியே வரும் வழியில் படிகள் உண்டு, ஆனால் கைப்பிடியோடு நிதானமாக நடக்கலாம். புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். கேன்யன் டி ஷே ஜீப் ஆட்டத்தில் முதுகுக்கும் வேலை உண்டு. திறந்த பின்பக்கம் வேண்டாம், மூடிய வண்டியில் முன் சீட் என்று கேளுங்கள். மான்யுமென்ட் வேலியின் 17 மைல் மண்பாதையும் குலுக்கும். முதுகு தாங்காது என்றால் அதை விட்டுவிட்டு, பார்வையாளர் மையத்தின் திண்ணையில் உட்கார்ந்து கையுறை போல நிற்கும் அந்த இரண்டு பாறைகளின் மேல் சாயங்கால வெயில் நிறம் மாறுவதைப் பார்த்தாலே போதும்.

ஆன்டெலோப்பில் நடுப்பகல் நேரத்துக்குக் கூடுதல் காசு வாங்குவார்கள், மேலிருந்து ஒளிக்கற்றை தூண் மாதிரி இறங்கும் என்று. அது கோடைக் காட்சி. அக்டோபர் கடைசியில் சூரியன் சாய்ந்துவிடும், தூணைப் பார்ப்பது அரிது. காலை நேரம் எடுங்கள், காசு மிச்சம். பை, ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எதுவும் அனுமதி இல்லை. அப்பாவின் மாத்திரை சட்டைப் பையில் இருக்கட்டும். இந்தக் கெடுபிடிகளைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ்ப்பகுதியில் 11 பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். அங்கே பெரிதாக மழையே இல்லை. மைல்கணக்கில் தள்ளிப் பெய்த மழை ஓடைவழியாக வந்து அடித்தது. அந்த வளைவு நெளிவுகளைச் செதுக்கியதே அப்படி வந்த வெள்ளங்கள்தான். மழை என்று டூரை ரத்து செய்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

நேரக் குழப்பம் ஒன்று இருக்கிறது, இதில் நானே ஏமாந்திருக்கிறேன். அரிசோனா கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளாது. நவஹோ நாடு தள்ளும். நவம்பர் முதல் ஞாயிறு வரை இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம். பேஜ் ஊரும் ஆன்டெலோப் டூர்களும் அரிசோனா நேரத்தில் இயங்கும். மான்யுமென்ட் வேலியும் சின்லியும் நவஹோ நேரத்தில். நடுவில் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியின் நிலம் வேறு, அவர்கள் அரிசோனா பக்கம். செல்போன் டவருக்கு ஏற்றபடி தானாக முன்னும் பின்னும் குதிக்கும். ஒரு முறை அதை நம்பிக் குழுவோடு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். ஜீப் கிளம்பிவிட்டது, பணமும் போயிற்று. அப்பாவின் கைக்கடிகாரத்தை ஒரே நேரத்தில் வைத்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் எந்த நேரம் என்று எழுதி வாங்குங்கள்.

சாப்பாடு: நவஹோ நாட்டில் சைவம் தேடுவது கஷ்டம்தான், ஆனால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. ஆட்டுக்கறிக் குழம்புதான் அவர்களுடைய விருந்து. ஃப்ரை பிரெட் என்று பூரியின் பெரியப்பா மாதிரி ஒன்று கிடைக்கும். அடைபட்ட காலத்தில் ராணுவம் கொடுத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த பண்டம் அது. பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். அதன் மேல் போடும் பீன்ஸிலும் இறைச்சி சேர்ந்திருக்கலாம். நீலச் சோளக் கூழ் கிடைத்தால் அம்மாவுக்குக் கட்டாயம் கொடுங்கள், நம் களியின் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். மற்றபடி ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஊறுகாய், பருப்புப்பொடி. வழியில் வரும் கேயென்டா, சின்லி ஊர்கள் இரண்டிலும் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, தயிர் வாங்கலாம். அப்பாவுக்குச் சாயங்காலம் ஒரு பீர் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நவஹோ நாட்டில் மது விற்பதும் வைத்திருப்பதும் குடிப்பதும் சட்டப்படி குற்றம்.

ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். அவர்கள் வீடான ஹோகனை, அதன் கிழக்குப் பார்த்த வாசலை, யாரோ இருக்கும்போது எட்டிப் பார்க்கக் கூடாது. பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். அம்மா அதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார். பள்ளத்தாக்கில் உள்ள பாழடைந்த கல்வீடுகள் நவஹோக்கள் கட்டியவை அல்ல, அவர்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்த பியூப்லோ பழங்குடிகளின் முன்னோருடையவை. செத்தவர்களின் இடம் என்று நவஹோக்களே ஒதுங்கிப் போவார்கள். நாமும் கை வைக்காமல் இருப்போம்.

அம்மா கண்டிப்பாகக் கம்பளி ஒன்று வாங்க ஆசைப்படுவார். கேனடோவில் 1878 முதல் நடக்கும் ஹபெல் வணிகக் கடை திரும்பும் வழியில்தான் இருக்கிறது, அங்கே பாருங்கள். அசல் நவஹோ நெசவில் பாவு நூல் தறியின் மேலிருந்து கீழ்வரை சுற்றிச் சுற்றி அறுபடாமல் ஓடும். அதனால் பெரும்பாலும் முனையில் குஞ்சம் இருக்காது. குஞ்சம் தொங்கினால் இரண்டு கேள்வி அதிகம் கேளுங்கள். சில கம்பளிகளில் கரையைத் தாண்டி ஒரு மெல்லிய இழை ஓரம் வரை ஓடும். அது பிசகு இல்லை. நெய்தவளின் மனசு கரைக்குள் சிக்கிக்கொள்ளாமல் வெளியே வர அவள் விட்ட வழி. விலை அதிகம்தான், பல மாதத்துக் கைவேலை.

இனி வழி. லாஸ் வேகஸை விடுங்கள், ஃபீனிக்ஸுக்கு விமானத்தில் வாருங்கள். ஸயான், பிரைஸ் இரண்டும் இன்னொரு லீவுக்கு. கிராண்ட் கேன்யன் பார்க்காமல் ஊர் திரும்பினால் அப்பாவுக்கு நடைப்பயிற்சி நண்பர்களிடம் பதில் சொல்ல முடியாது, அதனால் முதல் நாள் மூன்றரை மணி நேரத்தில் தெற்கு விளிம்பு, அங்கேயே தங்கல். 2,100 மீட்டர் உயரம், மூச்சு வாங்கினால் மெல்ல நடக்கட்டும். இரண்டாம் நாள் பேஜ், இரண்டரை மணி. மூன்றாம் நாள் காலை ஆன்டெலோப் மேல்பகுதி, பிறகு இரண்டு மணி பயணத்தில் மான்யுமென்ட் வேலி. நுழைவு ஆளுக்கு 8 டாலர். தேசியப் பூங்காக்களின் ஆண்டுப் பாஸ் இங்கே செல்லாது. நான்காம் நாள் காலை சின்லி, மத்தியானம் மூன்று மணி நேர ஜீப். ஐந்தாம் நாள் கேனடோ வழியாக ஃபீனிக்ஸ், ஐந்தரை மணிக்குக் குறையாது; விமானம் ராத்திரிக்குப் போடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வேனில் இப்படி அழைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் வேனும் டிரைவரும் மட்டும் பிடித்து, நவஹோ கைடுகளை நீங்களே தனித்தனியாகப் புக் செய்யலாம். கைடுக்கு 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் ரொக்கமாக எடுத்துவையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கார்டு மெஷின் வேலை செய்யாது. ராத்திரி குளிர் பூஜ்யத்தை நெருங்கும், மங்கி கேப் மறக்க வேண்டாம். கைடு பேர் சொல்லி ‘யா-ஆட்-டே’ என்று வணங்கினால் அப்பாவும் அதையே திருப்பிச் சொல்லட்டும். இறங்கும்போது ‘அஹேஹே’, நன்றி.