அந்த செக்கை முதலில் வங்கியில் போடுங்கள்

கேள்வி: திருச்சி திருவெறும்பூர் பக்கம் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிக் கைப்பிடி செய்து பில்டர்களுக்குக் கொடுக்கிறோம். மாதம் சுமார் 6 லட்சத்துக்கு வேலை ஓடுகிறது. ஆனாலும் சனிக்கிழமை சம்பளம் போடத் திணறுகிறேன். வெளியில் 11 லட்சம் நிற்கிறது. அதில் ஒரே பில்டரிடம் ஆறரை லட்சம், ஐந்து மாதமாக. அவர் கொடுத்த இரண்டரை லட்சத்துக்கான செக்கை, "இப்போ போடாதீங்க அண்ணே" என்று கேட்டுக்கொண்டதால் வைத்திருக்கிறேன். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த சைட்டுக்கு 3 லட்சம் ஆர்டர் தருகிறார், சேர்த்து செட்டில் செய்வாராம். எனக்கு வங்கி ஓடி (ஓவர்டிராஃப்ட்) 5 லட்சம், மனைவியின் நகை மேல் 4 லட்சம், வெளியில் மூணு வட்டிக்கு 2 லட்சம் கடன் இருக்கிறது. மொபைல் ஆப் ஒன்றில் 5 லட்சம் உடனே கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா? மைத்துனர் லோடு வண்டி எடுக்க 8 லட்சம் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மாட்டேன் என்றால் வீட்டில் வருத்தம் வரும். நண்பர் ஒருவர் மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்.ஐ.பி. போடச் சொல்கிறார்.

பதில்: நீங்கள் எழுதிய தொகைகளைக் கூட்டிப் பார்த்தீர்களா? வெளியில் நிற்பது 11 லட்சம். நீங்கள் வாங்கிய கடனும் 11 லட்சம். கடன் வாங்கியது பட்டறைக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் நகையை அடகு வைத்து, அந்தப் பில்டருக்கும் மற்றவர்களுக்கும் வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள்.

வட்டியைத் தோராயமாகப் போடுவோம். நகைக்கு மாதம் 4,000, ஓடிக்கு 5,000, மூணு வட்டிக்கு 6,000. ஆக 15,000. இதில் ஆறரை லட்சத்தின் பங்கு மட்டும் மாதம் 8,900 வரும். அந்த ஆறரை லட்சத்தில் 18% ஜி.எஸ்.டி. கிட்டத்தட்ட ஒரு லட்சம். அதை பில் போட்ட கையோடு கட்டிவிட்டீர்கள், ஒரு பகுதி இரும்புக் கடையில், மீதி அரசுக்கு. எஞ்சிய ஐந்தரை லட்சத்தில் உங்கள் தொழிலில் 12% லாபம் நின்றால் பெரிது, அதாவது 66,000. ஐந்து மாத வட்டி 44,500 ஏற்கெனவே போயிற்று. ஏழரை மாதம் ஆனால் லாபம் சுத்தமாகத் தீர்ந்துவிடும். (கணக்கே ஏழரை என்று வருகிறது, நான் என்ன செய்ய.) அதன் பிறகு அவருக்கு நீங்கள் செய்யும் ஒவ்வொரு கேட்டும் தர்மக் காரியம்தான்.

எனவே அந்த 3 லட்சம் ஆர்டரைத் தொடாதீர்கள். "சேர்த்து செட்டில் பண்றேன்" என்றால் ஆறரை ஒன்பதரை ஆகும் என்று பொருள். சண்டை வேண்டாம், நீளமாகக் காரணமும் வேண்டாம். காரணம் சொன்னால் அவர் அதற்குப் பதில் வைத்திருப்பார். "பழைய பாக்கியில் நாலு லட்சம் வரட்டும் சார், மறுநாளே பைப் வெட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு பட்டறைக்குப் போய்விடுவாரே என்றால், போகட்டும். லாபம் தீர்ந்துபோகிற வாடிக்கையாளரை இழப்பதில் என்ன நஷ்டம்? இனி யாராக இருந்தாலும் இரும்பு வாங்க பாதி முன்பணம், வண்டியில் ஏற்றும்போது 40%, மாட்டி முடித்ததும் 10% என்று கொட்டேஷனிலேயே அச்சடித்துவிடுங்கள். நேரில் மறுக்க நாக்கு எழாதவர்களுக்குக் காகிதம் உதவும்.

இப்போது அந்த செக். தேதியிலிருந்து 3 மாதம்தான் அது செல்லும். இரண்டு மாதம் போய்விட்டது என்கிறீர்கள். எந்த நாளில் போடப்போகிறீர்கள் என்று பில்டருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிட்டு, அந்த நாளில் போடுங்கள். திரும்பி வந்தால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் வழக்குப் போடலாம். இந்த வழியெல்லாம் செக் உயிரோடு இருக்கும்வரைதான். மேசைக்குள் காலாவதியான செக் வெறும் காகிதம்.

சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் உங்களுக்குப் பணம் வர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற அடிப்படை வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இன்னொரு பிடியும் இருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, இந்தக் கெடு தாண்டி நிதியாண்டு முடிவிலும் கொடுக்காமல் வைத்திருக்கும் பாக்கியை, வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. பில்டரின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்து ஒரு பிரதியை அந்த ஆடிட்டருடைய ஆபீசுக்கே அனுப்பி வையுங்கள். நீங்கள் பத்து முறை போன் செய்வதைவிட வேகமாக வேலை நடக்கும்.

ஆப் கடன் வேண்டாம். "மாதம் ஒன்றரை வட்டிதான்" என்பார்கள். ஐந்து லட்சத்துக்கு வருடம் 90,000. ஆனால் தினமும் 1,600 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதித் தொகைதான். உண்மை வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டும், பிராசசிங் கட்டணம் தனி. ஏ.பி.ஆர்., அதாவது கட்டணமெல்லாம் சேர்த்த வருட வட்டி, எவ்வளவு என்று எழுதிய கே.எஃப்.எஸ். என்ற கடன் விவரத் தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மைத்துனர் விஷயத்தில், ஜாமீன்தாரர் என்றால் பேருக்கு ஒரு கையெழுத்து என்று நினைக்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்களுடையது. அவர் இரண்டு தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிவாங்கும், அதோடு உங்கள் ஓடி புதுப்பிப்பும் சிக்கலாகும். வீட்டில் வருத்தம் என்கிறீர்கள். அடகில் இருப்பது யாருடைய நகை? மனைவியிடம் நோட்டைத் திறந்து காட்டுங்கள்: இவ்வளவு வரவேண்டியது, இவ்வளவு கடன், உன் நகை இதில் இங்கே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் கையெழுத்துப் போடச் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பிக்கு அவரே பதில் சொல்லவும் கூடும்.

பில்டரிடமிருந்து முதலில் எந்தத் தொகை வந்தாலும் மூணு வட்டியை முடியுங்கள். இரண்டு லட்சத்தை அடைத்தால் மாதம் 6,000 மிச்சம். அடுத்தது நகை. ஓடி கடைசியில் இருக்கட்டும்.

எஸ்.ஐ.பி. நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு பக்கம் வருடத்துக்கு 36% வட்டி கட்டிக்கொண்டு, மறுபக்கம் 12% வரும் என்று யாரோ சொல்வதை நம்பி மாதம் 5,000 போடுவது கணக்குத் தெரிந்தவர் செய்கிற காரியமில்லை. அந்த நண்பரிடம் "இப்போது வேண்டாம்" என்று சொல்லுங்கள். பில்டரிடம் பேசுவதற்கு முன் ஒத்திகையாகவும் இருக்கும்.